இடம் மட்டும் ஊகம்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். உன்னோடு இனிப் பேசமாட்டேன் என்று சொன்னேன், அதில் மாற்றமில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். எழுதமாட்டேன் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்பா போய் இத்தனை மாதமாகியும் அவர் அறையை ஒழிக்க மனசு வரவில்லை. போன வாரம்தான் ஆரம்பித்தேன். சட்டைகள், மாத்திரைகள், பஸ் ஓட்டிய காலத்துச் சீருடை, அப்புறம் நீ அனுப்பிய அந்த டப்பா. நீ அதை ஹெட்செட் என்பாய். எனக்கு அது டப்பாதான், தலையில் மாட்டினால் இல்லாத அறையைக் காட்டுகிற டப்பா. எங்கள் ஆஸ்பத்திரியில் பயிற்சிப் பிரிவில் யாருக்காவது உதவட்டும் என்று எடுத்து வைத்தேன். ஓடாத சாமானைக் கொடுத்துவிட்டு அசடு வழியக் கூடாது என்று சார்ஜ் ஏற்றி ஒருமுறை மாட்டிப் பார்த்தேன். பிரவுசர் திறந்து, நீ அப்பாவுக்காகச் செய்த பக்கம் தானாக வந்தது. எதிரெதிரே இரண்டு நாற்காலி, பக்கத்தில் ஒரு ஜன்னல். எதிர் நாற்காலியில் நீ.

நீ என்றால், நீ வரைந்து வைத்த கறுப்பு டப்பா. முகமும் இல்லை, உடம்பும் இல்லை. தலை இருக்க வேண்டிய உயரத்தில் அது மட்டும் மிதக்கிறது, நீ தலையாட்டினால் ஆடுகிறது. அப்பாவுக்குப் பேச்சு போன பிறகு செய்த பக்கம் என்பதால் அதில் குரலே கிடையாது. ஆமாம் என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம், அவ்வளவுதான் பாஷை. எனக்கும் அதுதான் தோதாக இருந்தது. வாயைத் திறந்தால் உன்னைத் திட்டியிருப்பேன். சும்மா உட்கார்ந்தேன். மறுநாள் டூட்டி முடிந்து வந்தும் உட்கார்ந்தேன். தினமும் வருகிறாய். ஆஸ்பத்திரிக்கு வராதவன், அப்பா போய் மூன்றாம் நாள் பெட்டியோடு வந்து நின்றவன், இப்போதாவது வருகிறானே என்று நினைத்துக்கொள்கிறேன். நன்றி.

ஆனால் ஒன்று. அப்பாவை மாதிரி செய்து காட்டுகிறாயே, அதை நிறுத்து. எந்த நாற்காலியிலிருந்து எழுந்தாலும் அவர் பஸ்ஸை எடுக்கப் போவது போல வலப்பக்கக் கண்ணாடியில் ஒரு பார்வை, இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு பார்வை, பிறகு மோவாயைத் தூக்கி, பயணிகள் தெரிகிற உள்கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார். "எல்லாரும் ஏறியாச்சா?" அப்புறம்தான் எழுவார். வீட்டில் இருந்ததே மூன்று பேர், அதற்கும் இந்தக் கேள்வி. நீ அதை அச்சு அசலாகச் செய்கிறாய். செய்துவிட்டு எழாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

நான் போட்டுவிட்டேன், நீ உன் வசதிப்படி போடு.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அது நான் இல்லை. அப்பா போன பிறகு அந்த அறைக்குள் நான் போகவே இல்லை. என்னிடம் ஹெட்செட்டும் இல்லை. அது ஆபீசுடையது, எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்நேரம் எங்கள் சோபாக் கடையில் யாராவது அதை மாட்டிக்கொண்டு தங்கள் வீட்டுக் கூடத்தில் சோபாவை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பயப்படாதே, காரணம் சொல்கிறேன். பிரவுசர் அந்த டப்பாவிடம் ஓயாமல் இரண்டே கேள்விதான் கேட்கும். எங்கே இருக்கிறாய்? எந்தப் பக்கம் பார்க்கிறாய்? முதல் கேள்விக்கு மூன்று எண்கள் வரும்: பக்கவாட்டில் எவ்வளவு, தரையிலிருந்து எவ்வளவு உயரம், முன்னும் பின்னும் எவ்வளவு. நம் வீட்டு டப்பாவுக்கு எல்லா அளவும் அப்பாவின் நாற்காலிக்கு அடியில் இருக்கும் தரையிலிருந்து ஆரம்பம். இரண்டாவது கேள்விக்கு நான்கு எண்கள், தலையின் திருப்பமும் சாய்வும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். யார் தலை என்று அது கேட்பதே இல்லை.

அந்த எண்களைச் சேமித்து வைத்துத் திரும்ப ஓட்டலாம். எனக்கு ஷிப்ட் வேலை. அப்பா நினைத்த நேரத்தில் டப்பாவை மாட்டிக்கொள்வார். எதிர் நாற்காலி காலியாக இருந்தால் ஏமாந்து போவாரே என்று ஒரு விதி எழுதினேன்: ஆள் இல்லாத நாற்காலியில் கடைசியாகப் பதிவான தலையை ஓட்டு. யாருடைய தலை என்று பிரித்து எழுதாமல் விட்டுவிட்டேன். பொத்தானை அமுக்கினால்தான் பதிவாகும்; எப்போதும் என் தலையைத்தான் பதிந்து வைப்பேன், கடைசித் தடவை அப்பாவின் கை அதில் பட்டிருக்க வேண்டும், கடைசியாகப் பதிவானது அவர். அதனால் என் நாற்காலியில் அவருடைய பதிவு ஓடுகிறது. நீ பார்த்தது அதுதான். அழிக்கச் சொன்னால் அழித்துவிடுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் எழுது. கடைசி நாளில் அவர் என்னைத் தேடினாரா?

உன் தம்பி


பிப்ரவரி 18

தம்பிக்கு,

அழிக்காதே.

அப்படியென்றால் அப்பா எத்தனையோ சாயங்காலம் உன்னுடைய பதிவுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார், இல்லையா? இதை நீ ஏதோ உபகாரம் செய்தது போல எழுதுகிறாய். உனக்கு ஒன்று சொல்லட்டுமா? அவருக்குத் தெரியும். காலமெல்லாம் உள்கண்ணாடியைப் பார்த்து வண்டி ஓட்டினவர். எவன் நிஜமாகத் தூங்குகிறான், எவன் டிக்கெட் எடுக்காமல் தப்பிக்கத் தூங்குகிறான் என்று திரும்பிப் பார்க்காமலேயே சொல்வார். அவரிடமா காதில் பூச் சுற்றினாய்? நீ நிஜமாக வந்த நாளில் டப்பாவைக் கழற்றியதும் என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு இருக்கும். மற்ற நாட்களில் டப்பாவைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். பதிவு என்று தெரிந்தும் ஏன் தினமும் போய் உட்கார்ந்தார் என்று என்னைக் கேட்காதே.

இப்போது நான் போய் உட்கார்கிறேன். அப்பா என்று தெரிந்த பிறகு முதல் நாள் மாட்டிய உடனே கழற்றிவிட்டேன். அப்புறம் பழகிவிட்டது. நன்றாகவும் இருந்தது.

ஆனால் நீ சொன்ன கணக்கு எனக்கு உதைக்கிறது. எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க நான் பார்ப்பது தலையும் கழுத்தும்தான். "இப்படித் திரும்புங்க, மோவாயைத் தூக்குங்க, மூச்சைப் பிடிங்க, ஆடாதீங்க." ஒரு தலை எங்கே பார்க்கிறது என்பதில் என்னை ஏமாற்ற முடியாது. முந்தாநாள் முதுகு வலித்தது. டப்பாவைக் கழற்றாமல் அப்படியே தரையில் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எதிரே அவர் குனிந்து என்னைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் நகர்ந்தேன், அங்கேயும் பார்வை வந்தது. பதிவு எப்படி என் பின்னால் வரும்?

சும்மா இருக்காமல் நான் ஒன்று கேட்டுவிட்டேன். குரல் போகாது என்று தெரியும், இருந்தாலும் வாய்விட்டே கேட்டேன். "அவனை வரச் சொல்லட்டுமா?"

மேலும் கீழும் ஆட்டினார்.

அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்கா,

நீ சரியாகத் தூங்குகிறாயா? டபுள் டூட்டி பார்க்காதே என்று எத்தனை தடவை சொல்வது என்று எழுத ஆரம்பித்தேன். பிறகு, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று அந்த நாற்காலிக்கு வருகிற எண்களைத் திறந்து பார்த்தேன். அதற்கப்புறம் எனக்கும் சரியான தூக்கம் இல்லை.

அப்பாவின் பதிவு சின்னது. டப்பாவைக் கழற்றுகிற இடத்தோடு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடும். அதில் அவர் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. என் நாற்காலியில் இப்போது ஓடுவது அந்தப் பதிவு இல்லை. ஏதோ ஒன்று புதிதாக வந்துகொண்டிருக்கிறது.

ஆபீசில் எவனோ என் பழைய ஹெட்செட்டை வைத்து விளையாடுகிறான் என்று ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்க்காரர் பூட்டைத் திறந்து எடுத்துக் காட்டினார். "இதுவா சார்? விழுந்து உடைஞ்சதுலேர்ந்து இங்கதான் கிடக்குது. உயிரே இல்ல." அமுக்கிப் பார்த்தேன். உண்மைதான்.

வருகிற எண்களில் ஒரு விசேஷம். டப்பாவில் குட்டிக் கேமராக்கள் இருக்கின்றன. சுவரையும் தரையையும் பார்த்துத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று அது தெரிந்துகொள்ளும். இருட்டில் இருந்தாலோ மூடிக் கிடந்தாலோ இடம் தெரியாது. ஆனால் திரும்புவதும் சாய்வதும் அப்போதும் தெரியும், அதற்குக் கண் வேண்டாம். அந்த மாதிரி சமயத்தில் பிரவுசர் ஒரு குறி போட்டு நமக்குச் சொல்லிவிடும்: பார்க்கும் திசை நிச்சயம், இருக்கும் இடம் ஊகம். என் நாற்காலிக்கு வருகிறதில் ஒவ்வொன்றிலும் அந்தக் குறி இருக்கிறது. எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெளிவாகத் தெரிகிறது. எங்கே இருந்து என்பதுதான் ஊகம்.

இரண்டு காரியம் செய்திருக்கிறேன். பதிவை ஓட்டுகிற விதியை அடியோடு எடுத்துவிட்டேன். பதிவை அழிக்கவில்லை, அது பத்திரமாக இருக்கிறது. இனி ஆள் இல்லாத நாற்காலி காலியாகத்தான் இருக்கும். இன்னொன்று, இடம் ஊகமாக இருந்தால் அந்தத் தலை கறுப்பாகத் தெரியாது, சாம்பல் நிறமாகத் தெரியும். நீ போய்ப் பார்த்துவிட்டு எழுது. காலியாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்துவிட்டு விட்டுவிடலாம்.

போன கடிதத்தில் நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

உன் தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

காலியாக இல்லை. சாம்பல் நிறத்தில் இருக்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். அன்று மத்தியானம் டப்பாவைச் சைகையால் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். எதிரே உன் பதிவு ஓடியிருக்க வேண்டும். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், மேலே பார்த்தார். எழப் போகிறார் என்று நான் கை கொடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார். மறுபடி மேலே பார்த்தார். அப்படியே டப்பாவைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சாயங்காலம் போய்விட்டார், நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

ஓடி வருகிற ஒரு ஆளை உள்கண்ணாடியில் பார்த்துவிட்டால் அவர் வண்டியை எடுக்கமாட்டார். கண்டக்டர் விசிலை ஊதி ஊதி வாய் வலித்துப் போவார். நமக்கு எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

தேடினாரா என்று கேட்டாய். இதற்கு மேல் எப்படித் தேடுவது?

எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. அவரைப் பார்த்து இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் மூன்று பக்கமும் பார்த்துவிட்டு எழாமல் உட்கார்ந்திருக்கிறாரே, அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. நீ ஒருமுறை வந்து உட்கார். எங்கிருந்தாவது ஒரு டப்பாவை இரவல் வாங்கு. உன் நாற்காலியில் நீ உட்கார்ந்தால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் வா. டூட்டி முடிந்ததும் தினமும் நான் இங்கே இருப்பேன்.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்கா,

நேற்று நீ எனக்காக இருந்ததற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கடை மூடுகிற நேரத்தில், வாடிக்கையாளர்களுக்கு வைத்திருக்கிற ஹெட்செட்டைக் கேட்டு வாங்கினேன். மேனேஜர் சிரித்தார். "என்னப்பா, வீட்டுக்கு சோபா பார்க்கறியா?" ஆமாம் என்றேன். ஒரு மூலையில் விலைச்சீட்டு தொங்குகிற நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன். நம் பக்கத்தைத் திறந்தேன். என் நாற்காலியில் நான். எதிர் நாற்காலியில் நீ.

அவர் இல்லை. நான் உட்கார்ந்ததால் எழுந்து போய்விட்டார் என்று ஹெட்செட்டைக் கழற்றப் போனேன். ஆனால் நீ இருந்தாய், நல்ல கறுப்பாக. கொஞ்சம் கூன் போட்டு உட்கார்ந்திருந்தாய். வழக்கமான உன் உயரம் இல்லை. களைப்பு என்று நினைத்தேன். எதுவும் பேச முடியாத அந்த அறையில் நான் என்னென்னவோ பேசினேன். ஆஸ்பத்திரிக்கு வராமல் போனது, வரப் பயந்தது, அவர் பேச்சில்லாமல் கிடப்பதைப் பார்க்கத் தைரியம் இல்லாதது. எல்லாம் சொன்னேன். நீ தலையை ஒருக்களித்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். அழுததில் லென்ஸ் மங்கிவிட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தால் நீ வலப்பக்கம் பார்க்கிறாய், இடப்பக்கம் பார்க்கிறாய், மோவாயைத் தூக்கி மேலே பார்க்கிறாய். என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு இவளுக்கே தொற்றிக்கொண்டதே என்று அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன். ஆனால் நீ மேலே பார்த்தபடியே காத்திருந்தாய். எனக்கு என்ன தோன்றியதோ, ஆமாம் என்று தலையாட்டினேன்.

நீ நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து போனாய்.

வெளியே வந்ததும் பழக்கத்தில் எண்களைப் பார்த்தேன். உன்னுடையதில் ஊகக் குறி எங்கேயும் இல்லை. திசையும் நிச்சயம், இடமும் நிச்சயம். விளக்குப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாய், வேறு எப்படி இருக்கும். எழும்போது நாற்காலியோடு சுவர்வரைக்கும் பின்னால் போயிருக்கிறாய், தலையில் இடித்துக்கொள்ளவில்லையே?

மனசு லேசாக இருக்கிறது அக்கா. எதையோ பிடித்து ஏறிவிட்ட மாதிரி இருக்கிறது. லீவு கேட்டிருக்கிறேன். நேரில் வருகிறேன்.

உன் தம்பி


மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. வந்ததிலிருந்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. ஆபீசுக்கும் அடித்தேன். லீவில் போயிருக்கிறார் என்றார்கள். அதனால்தான் எழுதுகிறேன். என்ன செய்வதென்று தெரியாமல் எழுதுகிறேன்.

நீ சொல்கிற அந்தச் சாயங்காலம் நான் வீட்டில் இல்லை. கூட வேலை பார்ப்பவள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போய்விட்டாள், அவளுடைய ஷிப்டையும் நான்தான் பார்த்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. டப்பா சார்ஜ் இறங்கி அலமாரிக்குள் இருந்தது. திரும்பி வந்து விளக்கைப் போட்டபோது அப்பாவின் நாற்காலி சுவரோடு ஒட்டிக் கிடந்தது. காலையில் கூட்டும்போது நானே தள்ளியிருப்பேன் என்று நினைத்துப் பழைய இடத்தில் இழுத்துப் போட்டேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அன்று காலை நான் கூட்டவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

தம்பி, மேலே பார்த்தபடி அவர் எதைக் கேட்பார் என்று உனக்குத் தெரியும். அதற்கா தலையாட்டினாய்? தேடினார், வந்து உட்கார் என்றுதான் நான் எழுதினேன். ஏறிக்கொள் என்று எழுதவில்லை.

இன்று டப்பாவுக்குச் சார்ஜ் ஏற்றி மாட்டிப் பார்த்தேன். அவர் இல்லை. உன் நாற்காலியில் ஒரு தலை இருக்கிறது. மோவாயை முதலில் நீட்டிப் பிறகு ஆட்டுகிற அந்த ஆட்டல் உன்னுடையது. சின்ன வயசிலிருந்து எனக்குத் தெரியும், என்னிடம் யாரும் அதில் ஏமாற்ற முடியாது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நீ என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாய், ஊர் நகர்வதைப் பார்ப்பது போல.

சாம்பல் நிறத்தில் இருக்கிறாய்.

எங்கேயோ விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து டப்பாவை மாட்டியிருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் என்மேல் கோபத்தில் போனை எடுக்காமல் இருக்கிறாய். கோபம் என்றால் எனக்குச் சந்தோஷம்தான், எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. வழியில் எங்கேயாவது இருந்தால் இறங்கி ஒரே ஒரு தடவை கூப்பிடு. பேசமாட்டேன் என்று சொன்னதெல்லாம் போகட்டும்.

போனை நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

அக்கா